கல்மேட்டிலிருந்து ஒரு நீண்ட விசில்

இது நடந்தது. நடுராத்திரியில் நடந்திருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். தூக்கக் கலக்கம், விளக்கு நிழல் என்று எதையாவது சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் அது பகல். 1978 நவம்பர் ஒன்பது, வியாழக்கிழமை. சமையலறைக் கடிகாரம் என் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. நான் குடிக்கிறவள் இல்லை. பேய் பிசாசு என்று பயந்து வளர்ந்தவளும் இல்லை. அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. பார்த்ததைப் பார்த்த நேரத்தோடு சொல்கிறேன். நம்புவது உங்கள் இஷ்டம்.

என் அக்கா ஹில்டா ரிக் நிலக்காட்சி ஓவியர். மோர்கம் விரிகுடாவின் மணலைத் தவிர வேறு எதையும் அவள் வரைந்ததில்லை. கடல் வற்றினால் எங்கள் கெல்ஸ்ஹெட் ஊருக்கு முன்னால் ஐந்தாறு மைலுக்கு வெறும் ஈர மணல். அதில் வானம் படுத்துக்கிடக்கும். அதைத்தான் வாழ்நாள் முழுக்க வரைந்தாள். மான்செஸ்டரில் ஓவியம் படிக்கும்போது ஆசிரியர் அவளிடம், "பூ வரைம்மா. பொண்ணு கைக்கு அதுதான் வரும்" என்றாராம். அன்றிலிருந்து படத்தின் மூலையில் 'எச். ரிக்' என்று மட்டும் கையெழுத்துப் போட்டாள். பத்திரிகைக்காரர்கள் 'திரு. ரிக்' என்று எழுதினார்கள். அவள் திருத்தவில்லை. "திருவாவே இருக்கட்டும். அவருக்குத்தான் சுவர்ல இடம் கிடைக்குது" என்பாள்.

பதினொரு வருடம் ஒரு படமும் விற்கவில்லை. பிறகு ஒரு நகரக் காட்சிக்கூடம் ஆறடிப் படம் ஒன்றை வாங்கியது. மணல், வானம், நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு உருவம். ஒரு விமர்சகர் எழுதினார்: அந்தச் சின்ன உருவத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள், படம் செத்துப்போகும்.

அந்த உருவம் நான்தான்.

முப்பத்தொரு வருடம் அவள் படங்களில் நான் நின்றேன். நாங்கள் வேலை செய்த முறை இதுதான். அவள் கரையிலிருந்து அரை மைல் தள்ளியிருந்த கல்மேட்டில் படம் வைக்கும் ஸ்டாண்டை நிறுத்துவாள். நான் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு இன்னும் இருநூறு அடி உள்ளே போய், அவளுக்கு முதுகைக் காட்டி நிற்பேன். கத்தினால் காற்று கொண்டுபோய்விடும். அதனால் கால்பந்து நடுவர் வைத்திருப்பாரே, அந்த விசில். ஒரு நீண்ட ஊதல் என்றால் அசையாதே. மூன்று சின்ன ஊதல் என்றால் முடிந்தது, வா. அது கேட்கும் வரை திரும்பக் கூடாது.

"முதுகுதான் வேணும் எல்ஸி. முகம் வந்தா பாக்கிறவன் கண்ணு முகத்துக்குப் போயிடும். மணல் போச்சு" என்பாள்.

என் முதுகு பதினேழு ஊர்களில் சுவரில் தொங்குகிறது. என் முகம் எங்கும் இல்லை.

இதைப் பெரிய தியாகம் போலச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்தக் குளிரில் நிற்பது எனக்குப் பிடித்தும் இருந்தது. அவள் பார்வை என்மேல் விழும் கணத்தை என் பிடரி உணரும். தூரிகையை நோக்கித் திரும்பியதும் அந்தச் சூடு போய்விடும். மறுபடி வரும். ஒரு மனிதர் நம்மை அவ்வளவு நேரம் உற்றுப் பார்ப்பது எத்தனை பேருக்கு வாய்க்கிறது? ஆனால் அவள் பார்த்தது என்னையா, அந்தச் சிவப்பையா என்பது எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. அந்தக் கேள்விதான் உள்ளே முள்ளாகக் கிடந்தது.

1949இல் வில்ஃப் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டான். பாரோவில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. "ஹில்டாவோட கண்காட்சி முடியட்டும்" என்றேன். அது முடிந்ததும் இன்னொன்று வந்தது. அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். எழுபத்தெட்டு அக்டோபரில் அவனிடமிருந்து கடிதம். மனைவி போய் இரண்டு வருடமாம். வீட்டில் இரண்டு நாற்காலி இருக்கிறது, ஒன்று சும்மா கிடக்கிறது என்று எழுதியிருந்தான். வருகிறேன் என்று அன்றைக்கே பதில் போட்டேன். ஹில்டாவிடம் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று.

அந்த வியாழக்கிழமை காலை 8.15. ஓட்ஸ் கஞ்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பதினெட்டாம் தேதி ரயிலுக்குப் போறேன், ஹில்டா. வில்ஃப்கிட்ட."

"எந்த வில்ஃப்?"

"எத்தனை வில்ஃப் நமக்குத் தெரியும்?"

"அந்தக் காது பெருத்தவனா?"

"அவனேதான். காது இன்னும் அப்படியேதான் இருக்காம்."

சிரித்தாள். பிறகு ஸ்பூனைக் கீழே வைத்தாள். "இந்தப் படம் முடியட்டும். அப்புறம் பேசுவோம்."

"இதைத்தான் நாப்பத்தொம்பதுலயும் சொன்னே."

"இன்னைக்கு வெளிச்சம் நல்லா வரும். சிவப்புக் கோட்டை எடுத்து வை."

"நான் வரல."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. வரல."

வண்ணப்பெட்டி, ஸ்டாண்டு, கான்வாஸ் எல்லாவற்றையும் குழந்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கட்டினாள். குழந்தையே பிறக்காத எங்கள் வீட்டில் அந்த வண்டி மட்டும் முப்பது வருடமாக மணலில் ஓடியது. வாசலில் நின்று திரும்பினாள்.

"நீ வராம நான் யாரை நிறுத்துறது, எல்ஸி?"

"ஒரு கம்பை நட்டு சிவப்புத் துணியைக் கட்டிக்கோ. உனக்கு ரெண்டும் ஒண்ணுதானே."

ஹில்டாவுக்கு ஒரு பழக்கம். எதையும் பாதிக் கண்ணை மூடித்தான் பார்ப்பாள். வெளிச்சத்தையும் நிழலையும் பிரித்தறிய ஓவியர்கள் அப்படிச் செய்வார்கள். என்னையும் அப்படித்தான் பார்த்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மணி 9.20.

சமையலறை ஜன்னலில் நின்றால் கல்மேடு தெரியும். நான் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ரொட்டி மாவு பிசைந்தேன். பாத்திரம் தேய்த்தேன். 11.05க்கு என்னை அறியாமல் நிமிர்ந்தேன். அங்கே நின்றிருந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, ஸ்டாண்டு, வண்டி. கை அசைந்துகொண்டிருந்தது. சரி, வேலை நடக்கிறது, நான் இல்லாமலே நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நெஞ்சில் எங்கோ எரிந்தது.

12.20க்குப் பார்த்தேன். அதே இடம்.

அப்போதுதான் ஒன்று உறுத்தியது. ஹில்டா வரையும்போது ஓரிடத்தில் நிற்க மாட்டாள். ஆறு தப்படி பின்னால் வருவாள், பாதிக் கண்ணால் பார்ப்பாள், ஆறு தப்படி முன்னால் போவாள். நடனம் மாதிரி இருக்கும். அன்று பின்னால் வரவே இல்லை.

1.00 மணி. பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுபோயிருந்தாள். உட்கார்ந்து குடிக்கிற நேரம். உட்காரவில்லை.

1.40. காற்று வலுத்திருந்தது. வாசல் கதவு தடதடத்தது. அவள் கோட்டின் ஓரம் பறக்கவில்லை.

தூரம், அதனால் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

2.10க்கு ஆம்ப்ரோஸ் வந்தான். டிராக்டரில் வலை கட்டி இறால் பிடிக்கிறவன். எங்களோடு பள்ளியில் படித்தவன். தபால் ஆபீஸில் எனக்கு வந்திருந்த பொட்டலத்தை வாங்கி வந்திருந்தான்.

"லங்காஸ்டர் துணிக்கடை முத்திரை போட்டிருக்கு. யாருக்கோ புதுத்துணி."

"கோட்டு. கை நீளம்னு குறைக்கக் குடுத்திருந்தேன்."

"காட்டு பாப்போம்." பிரித்தேன். அவன் இரண்டு அடி பின்னால் போனான். "கிளிப்பச்சையா? இந்த வயசுலயா? இறாலெல்லாம் மிரண்டு ஓடிடும்."

"உன்னைப் பாத்து ஓடாததா?"

சிரித்துக்கொண்டே தொப்பியை எடுத்து மாட்டினான். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாக, "உங்க அக்கா வந்துட்டாளா?" என்றான்.

"எங்கே வந்தா? அங்கதான் நிக்கிறா."

"பன்னெண்டரைக்கு அந்தப் பக்கமாத்தான் வந்தேன். வண்டி நிக்குது, ஸ்டாண்டு நிக்குது. ஆளைக் காணோம். கல்லுக்குப் பின்னால ஒதுங்கப் போயிருப்பான்னு நான் திரும்பிப் பாக்காம வந்துட்டேன். மரியாதை தெரிஞ்சவன் பாரு."

"பன்னெண்டரைக்கு நின்னாளே. பன்னெண்டு இருபதுக்கு நான் பாத்தேன்." அவன் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். "அதோ பார்."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"ஸ்டாண்டு தெரியுது" என்றான்.

"கண்ணாடியை எங்க வச்சே?"

"டிராக்டர்ல."

"போட்டுக்கிட்டுப் பேசு."

அவன் போய்விட்டான். நான் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். நிலைக்கண்ணாடியில் ஒரு வேற்றுப் பெண் நின்றாள். வில்ஃப் இவளை அடையாளம் கண்டுகொள்வானா என்று தோன்றியது. கழற்ற மனமில்லை.

3.00. மறுபடி ஜன்னல்.

ஹில்டா திரும்பியிருந்தாள். காலையிலிருந்து கடலைப் பார்த்து நின்றவள் இப்போது வீட்டைப் பார்த்து நின்றாள். ஸ்டாண்டும் திரும்பியிருந்தது. முப்பத்தொரு வருடத்தில் அவள் கரையை வரைந்ததில்லை. "வீடெல்லாம் வேண்டாம், வீடு வந்தா கதை வந்துடும்" என்பாள்.

3.20. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. நவம்பரில் நாலேகாலுக்கே சூரியன் போய்விடும். நாலு மணிக்குக் கடல் ஏறும். அன்று சின்ன ஏற்றம்தான், கல்மேடு மூழ்காது. ஆனால் மேட்டுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள ஓடைகள் நிரம்பிவிடும். இது அவளுக்குத் தெரியாததல்ல. எப்போதும் மூன்றுக்கே வண்டியைக் கட்டிவிடுவாள்.

கோபத்தில் நிற்கிறாள் என்று நினைத்தேன். நான் போய்க் கூப்பிட வேண்டுமாம். கூப்பிட்டால் நான் தோற்றேன்.

3.35க்குத் தோற்றுவிடுவதென்று முடிவு செய்தேன். பச்சைக் கோட்டோடேயே வெளியே வந்தேன். தோட்டக் கதவைத் திறந்தேன். மணலுக்கு இறங்கும் பாதையில் இரண்டடி வைத்தேன்.

விசில்.

ஒரே ஊதல்... நீளமாக.

கால் நின்றுவிட்டது.

மூளை நினைப்பதற்கு முன் கால் நின்றுவிட்டது. முப்பத்தொரு வருடப் பழக்கம். இடது கை கதவின் மேல், வலது கால் பாதி தூக்கியபடி. அப்படியே நின்றேன். மணிக்கட்டில் கடிகாரம் தெரிந்தது. 3.40.

முதலில் ஆத்திரம் வந்தது. இப்போதுமா? இந்த நேரத்திலுமா உனக்குப் படம்?

பிறகுதான் கவனித்தேன். நான் அவளைப் பார்த்து நிற்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாக முகத்தைக் காட்டி நிற்கிறேன். அவள் என்னை வரைவதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எப்போதும் முதுகுதானே.

இப்போது பார்த்தேன்.

தலை நிமிர்கிறது. என்னைப் பார்க்கிறது. குனிகிறது. கை அசைகிறது. மறுபடி நிமிர்கிறது...

பிடரியில் படும் அந்தச் சூடு இப்போது நெற்றியில் பட்டது. கன்னத்தில் பட்டது. அரை மைல் தூரம். அவள் கண் தெரிய வழியே இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்தது. கண்ணை முழுதாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அழுதேன். துடைக்கக் கை எடுக்கவில்லை. அசையக் கூடாதல்லவா.

3.50.

கால் மரத்தது. போதும் என்று நினைத்தேன். நகர முயன்றேன்.

நகரவில்லை.

தோளை யாரோ பிடித்திருப்பது போல... இல்லை, யாரும் பிடிக்கவில்லை. உடம்பு என்னுடையதாக இல்லை. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

4.00. தூரத்தில் கடல் ஏறும் சத்தம். பெரிய துணியைத் தரையில் இழுப்பது போல... ஸ்ஸ்ஸ்...

"ஹில்டா" என்றேன். குரல் வெளியே வரவில்லை.

அவள் நிமிர்ந்தாள்.

குனியவில்லை.

மணல் சாம்பலானது. வானம் சாம்பலானது. அவள் கோட்டும் சாம்பல்தான். எது அவள், எது வானம் என்று பிரிக்க முடியாமல் போயிற்று. கண்ணிமைக்காமல் பார்த்தேன்.

ஸ்டாண்டு மட்டும் நின்றது.

4.10.

பின்னால் டிராக்டர் சத்தம்.

"என்ன எல்ஸி, சிலை மாதிரி நிக்கிறே?" ஆம்ப்ரோஸ். இப்போது கண்ணாடி போட்டிருந்தான். "மனசு கேக்கல, திரும்பி வந்தேன். அங்க ஆளே இல்ல. காலைலருந்தே இல்லைன்னு நினைக்கிறேன்."

அந்தக் குரல் கேட்டதும்தான் கால் தரையைத் தொட்டது.

எங்கள் பாதையில் இறங்கப் பார்த்தவனை, ஏன் என்று தெரியாமல், "அதுல வேண்டாம்" என்றேன். டிராக்டரில் வடக்குப் பக்கம் சுற்றிப் போனோம். விளக்கு வெளிச்சத்தில் முதலில் வண்டி தெரிந்தது. கல்மேட்டுக்குப் பின்னால் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். கையைத் தொட்டேன். மரம் மாதிரி இருந்தது. மடக்கினால் மடங்கவில்லை. பிளாஸ்க்கின் மூடி திறக்கப்படவே இல்லை.

ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றினான். பிறகு ஸ்டாண்டைப் பார்த்து, "மத்தியானம் இது கடலைப் பாத்து இருந்துச்சு எல்ஸி. சத்தியமா" என்றான்.

கான்வாஸை நான் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அப்போது பார்க்கவில்லை. அவளைக் கட்டிலில் கிடத்தி, டாக்டர் வந்து போனபின், சமையலறை விளக்கில்தான் பார்த்தேன். மணி 6.25.

கரை. ஐந்து வீடுகள். கடைசி வீட்டின் தோட்டக் கதவில் ஒரு உருவம். இடது கை கதவின் மேல். முகம் இந்தப் பக்கம்.

கிளிப்பச்சைக் கோட்டு.

அந்தக் கோட்டு 2.10க்குத்தான் வீட்டுக்குள் வந்தது. அந்தப் பச்சை அவள் பெட்டியில் இருந்ததே இல்லை. எங்கள் மணலில் அப்படி ஒரு நிறம் கிடையாது என்பாள். வண்ணம் குழைக்கும் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் மஞ்சளும் நீலமும் சேர்த்துக் குழைத்த ஒரு சின்னக் குவியல். ஈரமாக இருந்தது. எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில் காயாது, அதனால் ஈரத்தைச் சாட்சியாகச் சொல்ல மாட்டேன். பச்சையைச் சொல்கிறேன்.

முகம் கடுகை விடச் சின்னது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கன்னத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்திருந்தாள். ஈரம் மின்னுவதற்கு வைக்கும் புள்ளி.

மறுநாள் காலை ஆம்ப்ரோஸ் ஏழடிக் கழியோடு எங்கள் பாதையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். கையில் கழி இல்லை.

"தோட்டக் கதவுலருந்து நாப்பது தப்படி. மேல பாத்தா நல்ல மணல், கீழ புதைமணல். ஊன்றினேன், முழுசாப் போயிடுச்சு. அடி தட்டல. ராத்திரிக்குள்ள வந்ததில்ல எல்ஸி, நேத்தே இருந்திருக்கும். காலைல உங்க அக்கா போனப்புறம் ஓடை தடம் மாறியிருக்கு."

நான் அவனுக்குத் தேநீர் போட்டேன். 3.40க்கு நான் வைக்கவிருந்தது மூன்றாவது அடி. அந்த ஊதல் படத்துக்காகவா, எனக்காகவா? இரவெல்லாம் இதைப் புரட்டினேன். இன்றும் புரட்டுகிறேன். அவளுக்கே அது இரண்டாகத் தெரிந்திருக்காது என்று சில நாள் தோன்றும். சில நாள் அப்படித் தோன்றாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மரண விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். இளைஞர், மரியாதையானவர். பரிசோதனை அறிக்கையை வாசித்துக் காட்டினார். இதயம் நின்றிருக்கிறது. காலையில் சாப்பிட்ட ஓட்ஸ் கஞ்சி வயிற்றில் ஏறக்குறைய அப்படியே இருந்ததாம். பத்தரைக்குள் இறந்திருக்க வேண்டும், பதினொன்றைத் தாண்டியிருக்க வழியே இல்லை என்று டாக்டர் எழுதியிருந்தார்.

11.05க்கு நான் ரொட்டி மாவிலிருந்து நிமிர்ந்தேன்.

"உங்க அக்காவைக் கடைசியா உயிரோட எப்ப பாத்தீங்கம்மா?"

"நாலு மணிக்கு."

எழுதினார். எழுதியதைப் பார்த்தார். அதை மெதுவாகக் கோடு போட்டு அடித்தார்.

"அப்படி எழுத முடியாதும்மா. வீட்டைவிட்டு எத்தனை மணிக்குப் போனாங்க?"

"ஒம்பது இருபது."

9.20 என்று எழுதினார். அதுதான் கடைசி என்றால், எங்களுக்குள் கடைசியாக நடந்தது வாசலில் நான் சொன்ன அந்த வார்த்தைதான். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் அழுததை யாரும் பார்க்கவில்லை.

"நாலு மணின்னு எழுதுங்க" என்றேன்.

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். பேனாவை மூடினார்.